ஆயா போனில் இருக்கும் பாம்பு



காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வில்லியனூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், கணக்குக் கேட்க, கதை கேட்க, சும்மா சண்டை போட என்று யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அன்றைக்குச் சண்டை! திண்ணை சந்தைக்கடை மாதிரி இருந்தது.

"என்னடா சத்தம்?" என்றேன்.

"உலகத்துலயே ரொம்பத் தாக்கம் உண்டாக்கின வீடியோ கேம் எதுன்னு பேசிட்டிருக்கோம், சார்!" என்றான் எட்டாம் வகுப்புப் பையன். 'தாக்கம்' என்ற சொல்லை எங்கே பிடித்தானோ! பேச்சுப் போட்டிக்குப் போகிறவன். பெரிய பெரிய சொல்லாகச் சேர்த்து வைத்திருப்பான்.

அவன் கட்சி, பப்ஜி. "கவர்ன்மென்ட்டே தடை போட்ட கேம் சார் அது. அப்ப எவ்ளோ பெரிசா இருந்திருக்கும்!" என்றான். அவன் சொன்னது உண்மைதான். 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

அவன் தங்கை ஆறாம் வகுப்பு. அவளுக்கு மைன்கிராஃப்ட். "அதுல சுடறது கிடையாது, கட்டறதுதான். நான் நம்ம திருக்காமீஸ்வரர் கோயில் தேரையே கட்டினேன் சார். சக்கரம் மட்டும் சதுரமா வந்துடுச்சு!" என்றாள். அந்த விளையாட்டில் எல்லாமே சதுரக் கட்டிகள்தானே! அந்தத் தேரை எப்படி இழுப்பது என்று அண்ணன் கேலி செய்ய, அதில் ஒரு கிளைச் சண்டை நடந்தது.

மூன்றாவது பையனின் மாமா பிரான்சில் இருக்கிறார். நம் புதுச்சேரியில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டே! மாமா லீவுக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டியில் மாரியோ ஆடியவன் அவன். ஆகவே, அவன் ஓட்டு மாரியோவுக்கு.

கடைசியில், தூணைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்றாம் வகுப்பு வாண்டு மெதுவாகச் சொன்னான்: "பாம்பு கேம்."

"எந்தப் பாம்பு?"

"எங்க ஆயா போன்ல இருக்கே, அது."

அவ்வளவுதான்! "ஐயே, பட்டன் போனா!" என்று எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். சற்று நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் பதில் சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தால் அதட்டுகிறவன் நான். அன்று நானே சிரித்துவிட்டேனே! சரி, அவன் சொன்னது அவ்வளவு தப்பான பதிலா என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க, அது தப்பே இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

குழந்தைகளே, இதே கேள்வியைப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள், தெரியுமா? பாஃப்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அகாடமி, பொதுமக்களிடம் ஓட்டுக் கேட்டு, 2025 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது. முதலிடம் எதற்கு? ஷென்மூ! திண்ணையில் இருந்த ஒருவரும் கேள்விப்படாத பெயர். இரண்டாவது டூம், மூன்றாவது சூப்பர் மாரியோ பிரதர்ஸ்.

ஷென்மூ 1999-ல் ஜப்பானில் வெளியானது. யு சுசுகி என்பவர் உருவாக்கினார். தந்தையைக் கொன்றவனைத் தேடிப் போகும் ஓர் இளைஞனின் கதை. அதில் புதுமை என்னவென்றால், அந்த ஊர். கடைக்காரர் காலையில் கடை திறப்பார், ராத்திரி பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மழை வரும், வெயில் வரும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் நின்றாலும் ஊர் தன்பாட்டுக்கு நடக்கும். இப்போது நீங்கள் ஆடும் விளையாட்டுகளில் பெரிய ஊருக்குள் இஷ்டப்படி திரிகிறீர்களே, அதற்கு வழிகாட்டிய விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால், அதை ஆட ட்ரீம்காஸ்ட் என்ற பெட்டி வேண்டும். 2001-லேயே அந்தப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வில்லியனூரிலோ பாகூரிலோ அந்தப் பெட்டியை நான் ஒரு வீட்டிலும் பார்த்தது கிடையாது.

ஓட்டுப் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்ததை வைத்துத்தானே ஓட்டுப் போட முடியும்!

சரி, 'தாக்கம்' என்றால் என்ன? முதலில் வந்தது என்று அர்த்தமா? இல்லை. 1958-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி, தம் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க வரும் மக்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று ஒரு டென்னிஸ் விளையாட்டைச் செய்தார். மின் அலைகளைக் காட்டும் சிறிய வட்டத் திரையில் ஒரு புள்ளி இங்குமங்கும் பறக்கும். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். பிறகு, அதைப் பிரித்து வைத்துவிட்டார்கள், கதை முடிந்தது! அதைப் பார்த்து யாரும் இன்னொன்று செய்யவில்லை.

1972-ல் அட்டாரி நிறுவனத்தின் பாங் வந்தது. அதுவும் பந்தைத் தட்டுகிற ஆட்டம்தான். கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் காசு போட்டு ஆடும் பெட்டியாக வைத்தார்கள். சில நாளில், "உங்கள் பெட்டி ரிப்பேர்" என்று கடையிலிருந்து தகவல் வந்தது. போய்த் திறந்து பார்த்தால், என்ன ரிப்பேர் தெரியுமா? காசு நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு உள்ளே போக இடமில்லை! அதற்குப் பிறகுதான், விளையாட்டு செய்து விற்பதே ஒரு தொழில் ஆயிற்று. முதலில் வந்தது அந்த டென்னிஸ். தாக்கம் உண்டாக்கியது பாங்.

அதிகமாக விற்றது என்று அர்த்தமா? அப்படியானால் ஆறாம் வகுப்புப் பெண் ஜெயித்துவிடுவாள். மைன்கிராஃப்ட் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனால், விற்றதை எண்ணுவதற்குக் கடைக்காரர் போதுமே, நமக்கு விவாதம் எதற்கு?

என் கணக்கு இது. ஒரு பொருள் வருவதற்கு முன்னால் மனிதர்கள் எப்படி இருந்தார்கள், வந்த பிறகு எப்படி மாறினார்கள் என்று பாருங்கள். நடுவில் உள்ள வித்தியாசம்தான் தாக்கம். அந்த வித்தியாசம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தாக்கம் என்பது பாராட்டு அல்ல. ஊசுடு ஏரியில் தண்ணீர் நிறைந்தாலும் தாக்கம்தான், வற்றினாலும் தாக்கம்தான்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து கிராமங்களில் நான் பார்த்த முதல் வீடியோ கேம், டிவியில் சொருகி ஆடுவது. 1990-களில் வந்தது. சதுரமான பிளாஸ்டிக் 'கேசட்' ஒன்றைப் பெட்டியில் செருக வேண்டும். '9999 விளையாட்டுகள்' என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும்! எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில்தான் அது இருந்தது. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். கேசட் ஓடவில்லை என்றால், வாயால் ஊதிவிட்டு மறுபடி செருகுவது அந்த வீட்டுப் பையனின் உரிமை. அதற்கு அவன் காட்டிய பந்தா இருக்கிறதே!

மாரியோ அங்கேதான் எங்கள் ஊருக்கு அறிமுகமானார். அவருக்கு ஏன் அவ்வளவு பெரிய மீசை? அவரை உருவாக்கிய மியாமோட்டோவிடம் அன்று இருந்தவை சில புள்ளிகள் மட்டுமே. அதில் வாய் வரைய முடியவில்லை, மீசை வைத்துவிட்டார். தலைமுடி வரைய முடியவில்லை, தொப்பி போட்டுவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த மீசை மட்டும் நன்றாகத் தெரியும்.

பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கே மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, 'ரோட் ராஷ்' பைக் பந்தயம் ஆடினார்கள். அதிலும் ஒரு விஷயம் உண்டு. அங்கே போனவர்கள் எல்லாரும் பையன்கள். கையில் காசு உள்ள பையன்கள். ஒரு பெண் குழந்தை போய் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. வயலுக்குப் போய் வரும் ஓர் அம்மா போனதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் வந்தது பாம்பு!

1997-ல் பின்லாந்தில், நோக்கியா நிறுவனத்தில் வேலை செய்த தனேலி அர்மான்டோ என்ற பொறியாளர், 6110 என்ற செல்போனுக்காக அதைச் செய்தார். பாம்பு ஆட்டத்தின் யோசனை புதியதல்ல. 1976-லேயே காசு போடும் பெட்டியில் 'பிளாக்கேட்' என்ற பெயரில் ஒன்று வந்திருந்தது. செல்போனுக்குள் கொண்டுவந்ததுதான் விஷயம். (பாம்பை வைத்து விளையாடுவது நமக்கும் புதிதா என்ன? வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்காமல் இருக்கப் பரமபதம் ஆடியவர்கள் நாம். அந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டிலேயே கப்பல் ஏறி இங்கிலாந்து போய்விட்டது.)

2003-ல் நோக்கியா 1100 வந்தது. தூசி போகாத பட்டன்கள், மேலே ஒரு டார்ச் லைட். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் அதற்கு ஏக மவுசு! உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. நமக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006-ல் நோக்கியா தொழிற்சாலை வந்தது. கிராமத்து அக்காமார்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது.

போனோடு பாம்பும் வீட்டுக்குள் வந்தது. தனியாகக் காசு கிடையாது. டிவி வேண்டாம், கேசட் வேண்டாம், இங்கிலீஷ் தெரிய வேண்டாம். மேலே, கீழே, இடம், வலம், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் ஆடினார். பஸ் கண்டக்டர் ஆடினார். நாற்று நடப் போகும் அம்மாக்கள், வண்டிக்குக் காத்திருக்கும்போது ஆடினார்கள். அந்த வாண்டின் ஆயா ஆடுகிறார்! ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இது ஒரு பாதி. மறு பாதியைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

2004-ம் வருஷம். எங்கள் வீட்டில் அதுவரை போன் கிடையாது. பாகூரில் இருக்கும் என் அக்கா, "அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்தா தேவலை, தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்காகத்தான் செல்போன் வாங்கினேன். ஒரே வாரத்தில் பாம்பு என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது இடது கையில் போன். பரீட்சைப் பேப்பர் பத்துத் திருத்தினால் ஓர் ஆட்டம். வகுப்பில், "மனதை அலைய விடாதீர்கள்" என்று போதிக்கிற வாத்தியார் செய்த வேலை இது!

தீபாவளி முடிந்த மறுநாள். நல்ல மழை. பாம்பு திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நீண்டிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளம் வந்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தெரியாத நம்பர். சிவப்புப் பட்டனை அழுத்தினேன். மறுபடி அடித்தது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறையும்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வந்து வாசலில் நின்றார். இடுப்பில் பேரன், கையில் அதிரசத் தூக்கு, புடவை முழுக்க ஈரம். பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பெட்டிக்கடையில் இருந்த ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். குடை எடுத்துக்கொண்டு வரச் சொல்வதற்காக.

"என்ன தம்பி, போன் கெட்டுப்போச்சா?" என்றார்.

"ஆமாக்கா, சார்ஜ் இல்லை" என்றேன்.

பொய்! இன்று வரை அக்காவுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தை அவர் பேத்தி படித்துக் காட்டினால்தான் தெரியப்போகிறது. இன்னொரு வேடிக்கை, நான் அந்த அழைப்பை எடுத்துப் பேசியிருந்தாலும் பாம்பு அப்படியே நின்றிருக்கும். பேசி முடித்துவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். அது அப்போது எனக்குத் தெரியாது.

இதைத்தான் நான் தாக்கம் என்கிறேன். பேசுவதற்காக வாங்கிய கருவி. யாருக்காக வாங்கினேனோ அவரே கூப்பிடுகிறார். நான் துண்டித்துவிட்டு விளையாடுகிறேன். செல்போன் என்பது பேசும் கருவி என்ற நிலைமை மாறி, சும்மா இருக்கும் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும் கருவி ஆனதற்கு, எங்கள் வீட்டில் அந்தப் பாம்புதான் முதல் படி. பப்ஜி பின்னால் அதே வாசல் வழியாகத்தான் வந்தது. ஆகவே என் ஓட்டு, மூன்றாம் வகுப்புக்கே!

மறுநாள் திண்ணையில் இதைச் சொன்னேன். எட்டாம் வகுப்பு விடுவானா? "சார், பாம்பைப் பார்த்து வேற கேம் எதாவது மாறுச்சா? பப்ஜி மாதிரி எத்தனை வந்துச்சு பாருங்க. நூறு பேர் குதிக்கறது, வட்டம் சுருங்கறது, கடைசியா ஒருத்தன் மிஞ்சறது... எல்லாரும் காப்பி அடிச்சாங்க சார்" என்றான்.

நல்ல வாதம். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளையாட்டுகளைச் செய்கிறவர்களிடம் எது தாக்கம் உண்டாக்கியது என்று கேட்டால், ஷென்மூவும் டூமும் பப்ஜியும் பாம்புக்கு முன்னால்தான் நிற்கும். எதிரிகள் குறையக் குறைய ஆட்டத்தின் வேகம் கூடுமே, அது 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' காட்டிய வழி. அதுகூடத் திட்டம் போட்டுச் செய்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் கருவி தானாக வேகமெடுத்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். அந்த வரிசையில் பாம்புக்கு இடமில்லை. மனிதர்களிடம் எது தாக்கம் உண்டாக்கியது என்று கேட்டால், நான் என் கட்சியை விட மாட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாம்பு எவ்வளவு நீண்டாலும் ஒரு கட்டத்தில் தன் வாலையே கடித்துச் சாகும். ஆட்டம் முடிந்தது, போனைக் கீழே வை! "நாளைக்கும் வந்தால் பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, புதுச் சட்டைக்குக் காசு கொடு" என்று அது கேட்டதே கிடையாது. எட்டாம் வகுப்புப் பையனிடம், "உன் கேம் எப்படா முடியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஆட்டம் முடியும் சார். கேம் முடியாது" என்றான். எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டான் பாருங்கள்!

அவன் தங்கைதான் என்னை மடக்கினாள். "சார், அன்னிக்கு போனைக் கட் பண்ணது பாம்போட தப்பா, உங்க தப்பா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாண்டு வந்தான். நான் ஆள் அனுப்பித்தான் வந்தான். கையில் ஆயாவின் போன். அவன் ஆடியதை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பப்ஜி வீரனே, "டேய், எப்படிடா திருப்பற?" என்று கேட்டுவிட்டான்! பிறகு போனை என்னிடம் கொடுத்தான். இருபது வருஷத்துப் பழக்கம் விரல்களில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாம்பு நன்றாக நீண்டுகொண்டு வந்தபோது போன் அடித்தது. வாண்டு என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "ஆயா! சித்தி பேசுது!" என்று கத்தியபடி வீட்டைப் பார்த்து ஓடினான்.

குழந்தைகளே, உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, ஆயா ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். முதன்முதலில் கையில் தொட்ட வீடியோ கேம் எது, எங்கே, யாருடைய போனில் அல்லது பெட்டியில்? அதை ஆட ஆரம்பித்த பிறகு, அதற்கு முன் செய்துகொண்டிருந்த எதை விட்டார்கள்? உங்கள் ஓட்டு எதற்கு, ஏன் என்பதையும் சேர்த்து ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர், வகுப்போடு ஊர்ப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். ஒரே ஊரிலிருந்து எத்தனை பாம்பு வருகிறது என்று எண்ண வேண்டும்!